செல்போன் வைத்தியம்: ஏளனம் செய்யுமுன் சிந்திப்போம்!



ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்கே வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று அங்கிருந்து வானத்தை அலசிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு வந்த ஒளியைக்கூட அந்த மலையில் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே மலையில், பக்கத்து ஊர் டவரிலிருந்து வரும் செல்போன் சிக்னலைப் பிடிக்க மேட்டுக்கு ஏறி நிற்க வேண்டிய குக்கிராமங்கள் உண்டு. விண்மீன் தெரிகிறது, வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்க வழி தெரியவில்லை!

அப்படி ஏறி நின்று, ஒரு கோடு சிக்னல் கிடைத்ததும் அந்த மக்கள் எதைத் தேடுகிறார்கள்? பாட்டும் படமும் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். நாம் பார்க்காததையா அவர்கள் பார்க்கிறார்கள்? ஆனால் அதோடு வேறு கேள்விகளும் உண்டு. பிள்ளைக்கு வயிற்றோட்டம், என்ன கொடுப்பது? ஏழாம் மாதத்தில் கால் வீங்குகிறதே, பரவாயில்லையா? சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா? இந்தக் கேள்விகளை அவர்கள் செல்போனிடம் கேட்கிறார்கள். ஒருமுறை கேட்டதோடு நிற்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "செல்போனைப் பார்த்து வைத்தியம் செய்துகொள்ளும் கூட்டம்" என்று ஏளனம் பேசுகிறார்கள். ஏளனம் செய்வது எளிது. ஆனால் மக்கள் ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யாராவது கேட்டார்களா? நாம் கேட்போம்.

ஏன் விடுவதில்லை?

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு, ஜமுனாமரத்தூர் வட்டாரங்களில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். குக்கிராமத்திலிருந்து நடந்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். அங்கே போனால் டாக்டர் இருப்பாரா என்பது அடுத்த கவலை. இருந்தாலும், "இவ்வளவு நாள் என்ன செய்தாய்?" என்ற அதட்டலைக் கேட்க வேண்டி வருமோ என்ற கூச்சம் அதற்கும் அடுத்தது. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி ஓர் அந்நிய ஆணிடம் வாய் திறந்து சொல்லத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் மலைக்கு மட்டும் சொந்தமானதா? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நம் வீட்டுப் பெண்களிடம் இல்லையா?

செல்போன் அதட்டுவதில்லை. கூலியைப் பறிப்பதில்லை. நள்ளிரவிலும் பதில் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரலாகவே சொல்கிறது, அதுவும் தமிழில் சொல்கிறது. புரியாவிட்டால் இன்னொரு முறை போட்டுக் கேட்கலாம். "ஒரு தடவை சொன்னால் புரியாதா?" என்று யாரும் எரிந்து விழமாட்டார்கள்.

சகோதரர்களே, இதுதான் காரணம். மக்கள் முட்டாள்கள் என்பதால் செல்போனை நம்பவில்லை. கேட்டவுடன் பதில் சொல்வது அது ஒன்றுதான் என்பதால் நம்புகிறார்கள். கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வந்த வாடிக்கையாளரை முகம் பார்த்து, "என்ன வேண்டும்?" என்று கேட்கும் கடைக்குத்தான் கூட்டம் மறுபடியும் வரும். பொருள் நல்லதாக இருந்தும் ஆளைக் கவனிக்காத கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

வைத்துக்கொண்டதும் கைவிட்டதும்

செல்போனில் வருவதையெல்லாம் மக்கள் வைத்துக்கொண்டார்களா? இல்லை. இங்கேதான் பாடம் இருக்கிறது.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக மத்திய அரசு 'ஆரோக்கிய சேது' என்ற செயலியைக் கொண்டுவந்தது. நாற்பது சொச்சம் நாட்களில் பத்துக் கோடிப் பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். பல இடங்களில் அது இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று கட்டாயமும் செய்தார்கள். அதைப் பிறகும் திறந்து பார்த்தவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? கட்டாயம் தளர்ந்ததும் பலர் அதைத் தொடவேயில்லை. அது மக்களிடமிருந்து விவரம் வாங்கியது. மக்களின் வயிற்றுவலிக்கு அது பதில் சொல்லவில்லை.

அதே 2020 ஏப்ரலில் 'இ-சஞ்சீவனி' வழியாக வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசும் வசதி தொடங்கியது. செல்போன் திரையில் ஒரு டாக்டர் வருவார், கேட்பார், மருந்துச் சீட்டும் தருவார். தொடக்க காலத்தில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் முதல் வரிசையில் நின்றது தமிழ்நாடு. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் அதன் ஆலோசனைகள் பத்துக் கோடியைத் தாண்டின. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டால் ஒரு மனிதர் பதில் சொன்னார், அதனால் நின்றது.

வங்கதேசத்தைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டில் அங்கே கிராமின்போன் நிறுவனம் 789 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை தொடங்கியது. டாக்டர் இல்லாத கிராமத்து மக்கள் அந்த எண்ணைச் சுழற்றினார்கள். அதை ஆராய்ந்த அறிஞர்கள் கண்டது என்ன? ஒருவரை முதல் தடவை அழைக்க வைப்பது பெரிய காரியமல்ல. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அவர் அழைப்பாரா என்பது, கிடைத்த சேவையின் தரத்தையும் அதனால் பிறந்த நம்பிக்கையையும் பொறுத்தது. சொன்னபடி செய்து பார்த்துக் குணம் தெரிந்தால் மறுபடி வருவார். ஏமாந்தால் வரமாட்டார்.

தென்னாப்பிரிக்காவில் 2014இல் கர்ப்பிணிகளுக்காகத் தொடங்கிய 'மாம்கனெக்ட்' திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. செய்தி அனுப்புவதோடு நிற்காமல், பெண்கள் திருப்பிக் கேள்வி கேட்கவும், மருத்துவமனையில் நடத்திய விதம் சரியில்லை என்றால் புகார் சொல்லவும் வழி வைத்தது. ஏழைப் பெண்ணின் புகாரைக் காது கொடுத்துக் கேட்ட திட்டத்தை அவள் ஏன் விடப்போகிறாள்?

போன் யார் கையில் இருக்கிறது?

இளைஞர்களே, இந்தக் கேள்வி உங்களுக்கு.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் சுமார் 54 சதவீதம். இன்டர்நெட்டை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம். பெண்கள் 33 சதவீதம். கருவைச் சுமப்பவள் ஒருத்தி. கர்ப்பகாலச் செய்தி வரும் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்பவன் இன்னொருவன்!

2016 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை வட மாநிலங்களில் 'கில்காரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72 அழைப்புகள். 'டாக்டர் அனிதா' என்ற கற்பனைப் பாத்திரத்தின் குரல், அக்காள் தங்கையிடம் சொல்வதைப் போலச் சொல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் பல வீடுகளில் பதிவான எண் கணவனுடையது. அவன் எடுத்து, "ஏதோ விளம்பரம்" என்று துண்டித்துவிட்டால் 72 அழைப்பும் வீண்.

இதை உணர்ந்துதான் வங்கதேசத்தில் 2012இல் தொடங்கிய 'அபோன்ஜன்' திட்டம், தாய்க்கு ஒரு செய்தியும் கணவனுக்கோ மாமியாருக்கோ தனியாக ஒரு செய்தியும் அனுப்பியது. வீட்டில் முடிவெடுப்பவர் காதில் விழாமல் கர்ப்பிணி காதில் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் போனுக்கு வரும் மருத்துவச் செய்தியை உங்கள் மனைவி, தாய், சகோதரி கையில் கொடுக்கிறீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பொய்யும் பதில் சொல்கிறதே!

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கம் பயங்கரமானது. கேட்டவுடன் பதில் சொல்லும் வித்தை உண்மைக்கு மட்டும் உரியதல்ல. பொய்யும் தமிழில் பேசுகிறது, பணம் கேட்காமல் வருகிறது, நள்ளிரவிலும் வருகிறது. உண்மை அசைந்து புறப்படுவதற்குள் பொய் பத்து வீடு ஏறி இறங்கிவிடுகிறது.

2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகளுக்குப் போட இலக்கு. வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றார்கள், சதி என்றார்கள். பெற்றோர் பள்ளிக்கு ஓடிவந்து மறுத்தார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வதந்தி நம் சமுதாயத்து வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பரப்பியவரிடம், "உனக்கு யார் சொன்னது?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. திருந்தினோமா? 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுப் பிரசவம் ஒன்று வெளியே தெரிந்தபோது, அதன் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட வாட்ஸ்அப் குழு இருந்தது தெரியவந்தது. ஒரு தனி ஆளின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியுமா? ஆயிரம் பேர் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! மருத்துவமனையில் கிடைக்காத ஆதரவான பேச்சு அந்தக் குழுவில் கிடைத்தது. அதனால்தான் அதிலேயே இருந்தார்கள். ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால், ஆறுதல் சொன்ன ஆயிரம் பேரில் ஒருவர் வந்து ரத்தம் ஏற்றுவாரா?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிதான் கொன்றது என்ற செய்தி மூலை முடுக்கெல்லாம் போனது. அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம்! பொய் அன்றைக்கே பதில் சொன்னது, உண்மை ஆறு மாதம் கழித்து வந்தது. மக்கள் யாரிடம் போவார்கள்?

போன் வதந்தி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஜவ்வாது மலை அடிவாரமே சாட்சி. 2018 மே 9 அன்று போளூரை அடுத்த அத்திமூரில் என்ன நடந்தது? கோயிலுக்குப் போகக் குடும்பத்தோடு வந்த 65 வயது மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் அப்போது வதந்தி பரவிக்கொண்டிருந்தது. கும்பல் சூழ்ந்து அடித்தே கொன்றுவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது. நிறுவனம் விரலைக் கட்டியது. மனசாட்சியை யார் கட்டுவது? வந்த செய்தியை விசாரித்துத் தெளிவு பெறாமல் பரப்பக் கூடாது என்பது சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்ட ஒழுக்கம். அது போனுக்குப் பொருந்தாதா?

சாலை இல்லாத ஊருக்குத் தகவல் எதற்கு?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டும்.

2023 மே மாதம். ஜவ்வாது மலைத் தொடரின் வேலூர் மாவட்டப் பகுதியில், அணைக்கட்டுக்கு மேலே உள்ள அல்லேரி மலை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பியபோது, மேலே போகச் சாலை இல்லை என்று ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. பெற்ற தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். அந்தக் காட்சி வெளியான பிறகுதான் அந்த மலைச் சாலைக்கான கோப்புகள் அசைந்தன.

பாம்புக் கடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று போன் சரியாகவே சொல்லும். கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போ என்று சொல்லும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் "உடனே போ" என்ற சொல்லுக்குச் சாலை வேண்டாமா? இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக் கடியால் இறப்பதாக 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நல்லது, வரவேற்போம். கணக்கு எழுதுவதோடு நிற்காமல் பாதையும் போடுங்கள் என்று வலியுறுத்துவோம்.

செய்து பார்க்க முடியாத அறிவுரையை மக்கள் எத்தனை நாள் கேட்பார்கள்? கையருகே மருத்துவமனை இல்லாதபோது, கையருகே இருக்கும் பச்சிலையைச் சொல்லும் வீடியோதான் அவர்களுக்கு நடைமுறை ஞானமாகத் தெரியும். டவர் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டவர் வரட்டும். ஆனால் டவருக்குப் பின்னால் சாலையும், சாலையின் முடிவில் டாக்டரும் இல்லையென்றால், மலையேறி முதலில் போய்ச் சேருவது பொய்யாகத்தான் இருக்கும்.

நம் பங்கு என்ன?

வியாபாரப் பெருமக்களே! மலையிலிருந்து இறங்கும் சாமை, தேன், புளி, பலா, சீத்தாப்பழம் ஆகியவற்றை வாங்குவோரில் நம்மவர் உண்டு. ஆலங்காயம், போளூர், செங்கம், திருப்பத்தூர் கடைத்தெருக்களில் செல்போன் விற்று, ரீசார்ஜ் செய்து கொடுப்போரிலும் நம்மவர் உண்டு. "பாய், இதுல என்ன போட்டிருக்கு, பாருங்க" என்று போனை நீட்டும் மலைவாசிக்கு நீங்கள் சொல்வதுதான் செய்தி. அந்த நம்பிக்கைக்கு என்ன பதில் செய்யப் போகிறீர்கள்?

ஒன்று: கடை வாசலில் மூன்று எண்களைப் பெரிதாக எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104. 2013இல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். மனக்கவலைக்கு 14416, 2022 முதல் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யும்போதே அவர்கள் போனில் இவற்றைப் பதிந்து கொடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜும்ஆ முடிந்து வருவோர் கண்ணில் படும்படி பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதுங்கள்.

இரண்டு: சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கும் பொடி, கல்லடைப்பைக் கரைக்கும் லேகியம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டு விற்பவர்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் பொடியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலை இழந்தால் அந்த லாபம் உங்கள் பிள்ளைகளின் தட்டில் எப்படி இறங்கும்?

மூன்று: இளைஞர்களே, குழுவுக்கு வரும் மருத்துவச் செய்தியைத் தள்ளிவிடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னவர் யார்? எப்போது சொன்னது? இதனால் யாருக்குக் காசு? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் உங்கள் போனோடு அது நிற்கட்டும்.

நான்கு: பொய் என்று தெரிந்தால் வாய் மூடி இருக்காதீர்கள், அனுப்பியவரை ஊர் நடுவே வைத்து அவமானப்படுத்தவும் செய்யாதீர்கள். அவமானப்பட்டவர் அடுத்த முறை உங்களிடம் கேட்கமாட்டார். பொய் சொல்பவரிடமே போய்விடுவார். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, சரியான விவரத்தை ஒரு நிமிடக் குரல் பதிவாக, எளிய தமிழில் அதே குழுவில் போடுங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து மலையேறுங்கள்.

ஐந்து: போன் சொல்வது தகவல். நாடி பிடித்துப் பார்ப்பதும், ரத்தம் எடுத்துச் சோதிப்பதும், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் போனால் ஆகாது. எந்த நிலையில் போனை வைத்துவிட்டு வண்டி ஏற வேண்டும் என்று சொல்லித் தருவதுதான் பெரிய உதவி. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பாம்புக் கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது... இவற்றுக்கு வீடியோ தேடக் கூடாது, 108ஐத்தான் அழைக்க வேண்டும்.

சகோதரர்களே! மக்கள் செல்போனை விடப்போவதில்லை. விட வேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. கேட்ட கேள்விக்கு மரியாதையான பதில் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மனிதன் திரும்பத் திரும்பப் போவான். அந்தப் பதிலைப் பொய்யன் சொல்லப் போகிறானா, நாம் சொல்லப் போகிறோமா என்பதே கேள்வி. மருத்துவமனை வரிசையில் நிற்கும் மலைவாசியிடம் கனிவாக நான்கு வார்த்தை பேச அரசு ஊழியருக்குச் சம்பளம் தரப்படுகிறது. கடை வாசலில் நிற்கும் மலைவாசியிடம் அதே கனிவைக் காட்ட நமக்கு யாரும் சம்பளம் தர வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒருவர் போனை நீட்டி, "இது உண்மையா பாய்?" என்று கேட்டால், சிரிக்காதீர்கள். வாங்கிப் பாருங்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் 104ஐ அழைத்துக் கொடுங்கள். அல்லேரியில் ஒரு தாய் சுமந்த சுமையை இனியொரு தாய் சுமக்கக் கூடாது. அதற்காக அரசின் கதவையும் தட்டுவோம், நம் கையில் உள்ளதையும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்!